பிரதேச வைத்தியசாலைகளில் நெஞ்சு ஸ்கான் வசதி கோரும் மனு

பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் அவர்கட்கு,
முல்லைத்தீவு.

மதிப்புக்குரிய பணிப்பாளர் அவர்களே,

மூச்சு முட்டுகிறது என்று வருபவரை, எக்ஸ்ரே வசதி இல்லாத சிறிய வைத்தியசாலையிலிருந்து அம்புலன்சில் ஏற்றித்தான் அனுப்ப வேண்டியிருக்கிறது. மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குச் சுமார் 50 கிலோமீற்றர். மாரியில் உட்கிராமங்களிலிருந்து அந்த றோட்டுக்கு வந்து சேருவதே பெரும்பாடு. போன மாரியில் எங்கள் ஊர் முதியவர் ஒருவருக்கு நுரையீரலைச் சுற்றி நீர் தேங்கியிருந்தது இப்படி அலைந்த பிறகுதான் தெரியவந்தது. வைத்தியர்களில் குறையில்லை, பார்ப்பதற்கு அவர்களிடம் கருவி இல்லை.

கர்ப்பிணிகளுக்குப் பாவிக்கும், ஒலியலையால் படம் காட்டும் அதே ஸ்கான் கருவியால் அந்த நீரைக் கட்டிலடியிலேயே பார்க்கலாம். நிற்கவைத்து எடுக்கும் நேர் எக்ஸ்ரேயில் தெரிய ஏறத்தாழ 200 மில்லிலீற்றர் நீராவது சேர வேண்டும். ஸ்கானில் அதைவிட மிகக் குறைவானதும் தெரியும். நீரை எடுக்கும்போது ஊசியை எங்கே குத்துவது என்றும் பார்த்தே குத்தலாம். இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் கோத்திருந்தால் திரையில் மேலிருந்து கீழாக வெள்ளைக் கோடுகள் விழும். நுரையீரலுக்கு வெளியே நெஞ்சறையில் காற்றுப் புகுந்திருந்தால், மூச்சோடு வழுக்கி அசைய வேண்டிய நுரையீரல் உறை அந்த இடத்தில் அசையாது. இவற்றை வைத்துக் கடும் மூச்சுத்திணறலின் காரணத்தைப் பிரித்தறியும் ‘புளூ’ முறையைப் பிரான்ஸ் வைத்தியர் டானியல் லிக்டன்ஸ்டைன் 2008இலேயே வெளியிட்டுவிட்டார். கதிர்வீச்சும் இல்லை என்பதால் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பயமின்றிச் செய்யலாம்.

ஸ்கான் இருந்தால் எக்ஸ்ரே தேவையில்லை என்று நாங்கள் சொல்லவரவில்லை. காற்று நிறைந்த நுரையீரலைத் தாண்டி ஒலியலை போகாது, ஆழத்தில் இருக்கும் கட்டி அதில் தெரியாமல் போகலாம். கசநோய்க்குச் சளிப் பரிசோதனை வேண்டும். ஆனால் யாரை உடனே அனுப்புவது, யாரை இங்கேயே வைத்துப் பார்ப்பது என்று முடிவெடுக்க இது பெரிதும் உதவும்.

ஆகவே, எக்ஸ்ரே இல்லாத பிரதேச வைத்தியசாலைகளுக்குக் கையில் கொண்டுபோகக்கூடிய ஸ்கான் கருவி தந்துதவ வேண்டுகிறோம். கருவி ஏற்கெனவே இருக்கும் இடங்களில் நெஞ்சையும் பார்க்க வைத்தியர்களுக்குப் பயிற்சி கொடுத்தால் போதும். அதற்குப் பெரிய செலவில்லை, முதலில் அதையே தொடங்கலாம். பயிற்சி ஒருமுறையோடு நின்றுவிடவும் கூடாது. வன்னிக்கு வரும் வைத்தியர்கள் மாற்றலாகிப் போய்க்கொண்டே இருப்பார்கள், அப்புறம் கருவி உறை கழற்றாமல் மூலையில் கிடக்கும்.

தங்கள் முடிவை எழுத்தில் அறியத்தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஒட்டுசுட்டான் பிரதேச மக்கள் சார்பில்