குரல்கள் அடங்கிய பிறகு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உள்ளூர்ப் பக்கத்தில் தற்கொலைச் செய்தி வந்தால், ‘அவர் மனநலம் பாதிக்கப்பட்டிருந்ததாகக் கூறப்படுகிறது’ என்று முடித்துவிடுகிறீர்கள். படிப்பவரும் ‘ஓ, அதுதானா’ என்று பக்கத்தைப் புரட்டிவிடுகிறார். எனக்கு அந்த வரிக்குப் பிறகுதான் படபடப்பே தொடங்குகிறது.

சிவதாபுரத்தில் எங்களுக்குச் சின்னக் கொலுசுப் பட்டறை. என் தம்பிக்கு 23 வயதில் மனச்சிதைவு நோய் வந்தது. காதுக்குள் யாரோ திட்டுகிறார்கள் என்று அவன் இரவெல்லாம் கத்திய மாதங்களில், வீட்டில் எட்டுக் கண்களும் அவன்மேலேயே இருந்தன. மருத்துவமனையில் சேர்த்து, குரல்கள் அடங்கி, ஆடிப் பண்டிகைக்கு முந்தின வாரம் அழைத்து வந்தோம். கோட்டை மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்துவிட்டு அம்மா அன்றுதான் நன்றாகத் தூங்கினார். நாங்களும்தான்.

அவன் தூங்கவில்லை. தெளிவு வந்ததும்தான் போனதையெல்லாம் எண்ணிப் பார்க்கத் தொடங்கியிருக்கிறான். நிச்சயம் நின்றுபோனது. கூட வேலை பழகியவர்கள் தனிப் பட்டறை போட்டுவிட்டார்கள். மாத்திரையால் உடம்பு பெருத்துவிட்டது. ஒரு நாள் டீக்கடைப் பாக்கி 140 ரூபாயைக் கொடுத்துக் கணக்கை முடித்தான். மறுநாள், கொலுசு வேலைக்கான சிறு இடுக்கியான, யாரையும் தொடவிடாத தன் சாமணத்தைத் துடைத்து, வேலை பழகும் பையன் கையில் கொடுத்துவிட்டான். ‘பொறுப்பு வந்துவிட்டது’ என்றார் அப்பா. எனக்கு வயிற்றைக் கலக்கியது.

‘அந்தப் பேச்சையே எடுக்காதே, நீயே நினைவூட்டியதாகிவிடும்’ என்றார் சித்தி. ஆனாலும் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தவனிடம், ‘செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா?’ என்று நேராகவே கேட்டேன். வெகுநேரம் கழித்து, ‘தினமும் தோன்றுகிறது அக்கா’ என்றான். அன்று இரவு அவனைத் தனியே விடவில்லை. விடிந்ததும் மருத்துவரிடம் ஓடினோம்.

கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது என்றார் அவர். இந்த நோயுள்ள 100 பேரில் சுமார் 5 பேர் தற்கொலையால் இறக்கிறார்கள். நோயின் முதல் சில ஆண்டுகளும், வீடு திரும்பிய முதல் சில வாரங்களும்தான் ஆபத்து மிகுந்த காலம் என்றார். ‘செத்துப்போ’ என்று குரல்கள் ஏவுவது மட்டும் காரணமல்ல, இனி என்ன இருக்கிறது என்ற விரக்தியும்தான். தம்பி கால் தரிக்காமல் வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டே இருந்ததைத் திமிர் என்று நாங்கள் திட்டியிருந்தோம். அது மாத்திரையின் பக்கவிளைவு, உள்ளுக்குள் தாங்க முடியாத பதைப்பு. மருந்தை மாற்றியதும் அடங்கியது. திட்டியதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

வீட்டுக்கு அனுப்பும்போது தந்த சீட்டில் மாத்திரை நேரம் இருந்தது. இந்த ஆபத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. ஆகவே உங்களைக் கேட்கிறேன். தற்கொலைச் செய்தியின் அந்தக் கடைசி வரிக்குக் கீழே, சிகிச்சை முடிந்து வந்தவர் பொருளைக் கொடுத்தாலோ, கணக்கு முடித்தாலோ, திடீரென அமைதியானாலோ பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள் என்று போடுங்கள். எந்நேரமும் பேசக்கூடிய, மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, தமிழக அரசின் சுகாதார உதவி எண் 104 ஆகிய எண்களைக் கண்ணில் படும் எழுத்தில் போடுங்கள்.

தம்பி இப்போது அரை நாள் பட்டறைக்கு வருகிறான். கொடுத்த சாமணத்தைத் திருப்பிக் கேட்கக் கூச்சப்பட்டு என்னுடையதை எடுத்துக்கொள்கிறான்.

என் பெயரைப் போட வேண்டாம். தங்கைக்கு இன்னும் வரன் அமையவில்லை.

வாசகி ஒருவர்,
சிவதாபுரம், சேலம்.