அறையின் போட்டோ வந்தது

கண்ணா,

போட்டோ வந்தது. அறை ரொம்ப நன்றாக இருக்கிறது. எத்தனை தடவை பெரிதாக்கிப் பார்த்தேன் என்று அப்பாவைக் கேள், சொல்லுவார். ஆனால் கூடவே ஒரு வரி எழுதியிருக்கலாம். மூன்று வாரமாக நான் என்ன கேட்டாலும் ஒரு கட்டைவிரல்தான் பதிலாக வருகிறது. கூப்பிட்டால் மீட்டிங் என்கிறாய். ஞாயிற்றுக்கிழமையுமா மீட்டிங்? சரி, அதை விடு, வேலை இருக்கும். நான் எழுத உட்கார்ந்தது அந்தக் குழந்தைக் கட்டிலைப் பற்றி.

கம்பிகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்று அளந்து பார்த்தாயா? 6 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. அளக்கச் சோம்பலாக இருந்தால் ஒரு குளிர்பான டின்னை எடுத்து நுழைத்துப் பார், நுழைந்துவிட்டால் அந்தக் கட்டிலே வேண்டாம், திருப்பிக் கொடுத்துவிடு. உடம்பு வெளியே வந்து தலை மாட்டிக்கொள்ளும், அதுதான் பயம். மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரலுக்கு மேல் நுழையக் கூடாது. மெத்தை கெட்டியாக, சமமாக இருக்க வேண்டும். அப்புறம் சுற்றிலும் பஞ்சு வைத்துக் கட்டியிருக்கிறாயே, யானைப் படம் போட்டது, பார்க்க அழகுதான், அதைக் கழற்றிவிடு. முகம் அதில் அழுந்தினால் பச்சைக் குழந்தைக்குத் திருப்பிக்கொள்ளத் தெரியாது. அமெரிக்காவில் 2022ல் அதை விற்கவே கூடாது என்று சட்டம் போட்டுவிட்டார்கள். முதல் வருஷம் கட்டிலுக்குள் தலையணை, போர்வை, பொம்மை எதுவும் வேண்டாம். வெறும் கட்டிலாகத் தெரியும். தெரிந்துவிட்டுப் போகட்டும்.

மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும், பகலில் ஒரு குட்டித் தூக்கத்துக்குப் போட்டாலும். உன்னை நான் குப்புறத்தான் போட்டேன். எனக்கு அப்படித்தான் சொல்லித் தந்தார்கள், நீயும் நன்றாகத் தூங்கினாய். குப்புறப் போடாதீர்கள் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சொல்ல ஆரம்பித்ததே 1992ல், நீ பிறந்த வருஷம். அது என் காதுக்கு வருவதற்குள் நீ பள்ளிக்கூடமே போய்விட்டாய். அது தெரியாமல் செய்தது.

இன்னொன்று. குறைந்தது 6 மாதம் குழந்தை உங்கள் அறையிலேயே தூங்க வேண்டும் என்கிறார்கள், உங்கள் படுக்கையில் இல்லை, தன் கட்டிலில். அப்படியென்றால் நீ இவ்வளவு மெனக்கெட்டுச் செய்த அறையில் முதல் ஆறு மாதம் யாரும் தூங்கப் போவதில்லை. இதைச் சொல்லும்போது எனக்கே கஷ்டமாக இருக்கிறது, ஏனென்றால் அந்த அறை எத்தனை தடவை மாறியது என்று எனக்குத் தெரியும். முதலில் மஞ்சள் அடித்தீர்கள். அந்த டிசம்பருக்குப் பிறகு நீயே ஒரே ராத்திரியில் வெள்ளையாக்கி மேசையைப் போட்டாய். அப்புறம் மருந்து வைக்கிற சின்ன ஃபிரிட்ஜ் வந்தது, போட்டு முடித்த ஊசிகளைச் சேர்க்கிற டப்பா வந்தது. நான் வந்து பத்து நாள் தங்கியபோது அந்தக் கதவு சாத்தியே இருந்தது. துணி காயப்போட வேறு வழியில்லாமல் ஒரு தடவை திறந்தேன், உடனே மூடிவிட்டேன். உன் மனைவி பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது பச்சை. வெளிர்ப் பச்சை. யார் தேர்ந்தெடுத்தது? பெயிண்ட் அடிக்கும்போது அவளை உள்ளே விடவில்லைதானே? பழைய பெயிண்டைச் சுரண்டினால் அந்தத் தூளில் ஈயம் இருக்கலாம், பழைய கட்டடங்களில் அது உண்டு, கர்ப்பிணி அதன் பக்கமே போகக் கூடாது. அடித்து முடித்த பிறகும் ஜன்னலைப் பல நாள் திறந்து வை. ஜன்னல் திரையின் கயிறு தொங்குகிறது போட்டோவில், அதைச் சுருக்கிக் கட்டிவிடு, கட்டிலை ஜன்னலிலிருந்து தள்ளிப் போடு. கட்டிலுக்கு மேலே தொங்குகிற மேகங்களும் நட்சத்திரங்களும் அழகுதான், ஆனால் பிறந்த குழந்தைக்கு 20, 30 சென்டிமீட்டருக்கு அப்பால் எல்லாம் மங்கல்தான். அதாவது கையில் ஏந்தினால் நம் முகம் இருக்கும் தூரம். மேகத்தைப் பார்க்காது, உன்னைத்தான் பார்க்கும்.

நேற்றோடு 198 நாள். கருவை வைத்த நாளிலிருந்து நான் காலண்டரில் பென்சிலால் எண்ணிக்கொண்டு வருகிறேன், அப்பாவுக்குத் தெரியாமல், அவருக்குத் தெரியும். வெளியே ஐந்து நாள் வளர்த்த கரு என்றால், வயிற்றில் வைத்த நாளிலிருந்து பிரசவத்துக்கு 261 நாள் கணக்கு என்று அவள்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். இன்னும் 63. அதற்கு முன் 14 மாதம் இந்தக் குழந்தை மைனஸ் 196 டிகிரியில் உறைந்து கிடந்தது என்று நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது. நம் வீட்டில் யாருக்குமே பொறுமை கிடையாது, இது யாரைக் கொண்டிருக்கிறதோ.

ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். ஊசியைப் பார்த்தாலே ஆளைக் காணாமல் போகிறவன் நீ. அவளுக்கு ஒவ்வொரு ராத்திரியும் நீதான் ஊசி போட்டாய் என்று கேள்விப்பட்டதும் நான் எழுந்து போய் அப்பாவிடம் சொன்னேன், அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவ்வளவு பெருமை. ஆனால் அதை எனக்குச் சொன்னது நீ இல்லை, அவள். உன்னைப் பற்றி எதையுமே நீ சொல்லி எனக்குத் தெரிந்ததில்லை. அந்த ரிப்போர்ட் ஒன்றைத் தவிர.

கட்டிலை அளந்து பார்க்க மறக்காதே, டின் வைத்து.

கண்ணா, சித்தி அவளுக்கு அனுப்பிய மெசேஜை நான் பார்த்தேன். சித்தியே எனக்கும் அனுப்பினாள், நல்லது சொன்னதாக நினைத்து. "ஒருவழியாக உனக்கும் மனசு வந்ததே, வேலை வேலை என்று ஏழு வருஷத்தை ஓட்டிவிட்டாய், இனியாவது வேலையை ஓரம் வைத்துவிட்டுக் குழந்தையைக் கவனி." இரண்டு இதயம் வேறு. அதற்கு அவள் நன்றி என்று மட்டும் பதில் போட்டிருக்கிறாள். அன்றைக்குத்தான் உன் கட்டைவிரல் ஆரம்பித்தது. நானும் நாள் கணக்குப் பார்க்கிறவள்தானே, தெரியாமல் இருக்குமா?

சித்திக்கு அப்படித் தோன்றியது எங்கிருந்து என்று நீ என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மழுப்பியிருப்பேன். கேட்காததால் சொல்கிறேன். நான்தான் சொன்னேன். ஒரு தடவை இல்லை. "அவர்கள் இப்போதைக்கு வேண்டாம் என்று இருக்கிறார்கள்" என்று ஆரம்பித்தேன். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. "அவர்கள்" என்று சொன்னால் ஏன், யாருக்கு என்ன என்று அடுத்த கேள்வி வருகிறது. அதனால் "அவளுக்கு வேலைதான் முக்கியம், பிரமோஷன் வரட்டும் என்கிறாள், இந்தக் காலத்துப் பெண்களிடம் நாம் என்ன சொல்ல முடியும்" என்று ஆக்கிவிட்டேன். பெரியம்மாவிடம், எதிர்வீட்டில், எல்லோரிடமும். அப்படிச் சொன்னதும் எல்லோரும் என்னைப் பாவம் என்று பார்த்தார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. இதை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதிவிட்டேன்.

குறை உன் ரிப்போர்ட்டில். ஊசி அவள் வயிற்றில். முட்டையை வெளியே எடுக்கும்போது மயக்கம் அவளுக்கு. முதல் தடவை தங்காமல் போனதும், இரண்டாவது தடவை ஒன்பதாம் வாரத்தில் போனதும் அவள் உடம்பிலிருந்து. அதற்கு மேல் ஊரில் சுயநலக்காரி என்ற பெயரும் அவளுக்கே, அதை வாங்கிக் கொடுத்தது நான். அவள் ஒரு வார்த்தையில் மறுத்திருக்கலாம். "பிரச்சினை எனக்கில்லை" என்று சொன்னால் முடிந்தது. உன்னை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும் என்றுதான் சொல்லவில்லை. உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று நான் பொய் சொன்னேன், அவளோ வாயையே திறக்காமல் காப்பாற்றினாள்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று நீ கேட்கலாம். உனக்கு 15 வயதில் பொன்னுக்குவீங்கி வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? கன்னம் வடிந்து ஒரு வாரத்தில் கீழே வலிக்கிறது, வீங்கியிருக்கிறது என்றாய். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய். உனக்கு வெட்கம், எனக்கும் வெட்கம். படுத்துக்கொள், சரியாகிவிடும் என்றேன், அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. நாலைந்து நாளில் சரியாகவும் ஆனது. அதற்குப் பிறகு பதினைந்து வருஷம் நான் அதை நினைத்ததே இல்லை. நீ போனில் உயிரணு கவுண்ட் ரொம்பக் குறைவு என்று சொன்னாயே, அந்த நிமிஷம் முதலில் நினைவுக்கு வந்தது அந்த மத்தியானம்தான். உன் குறை வெளியே தெரிந்தால் என் குறையும் தெரிந்துவிடும் என்று பயந்தேன் போலிருக்கிறது. போன வருஷம்தான் தைரியம் வந்து ஒரு டாக்டரிடம் கேட்டேன், என் பிள்ளைக்கு என்று சொல்லவில்லை, தெரிந்தவர் பிள்ளைக்கு என்றேன். வயதுக்கு வந்த பிறகு பொன்னுக்குவீங்கி வந்தால் சிலருக்கு அப்படி விரையில் வீக்கம் வரும், அதனால் பின்னால் எண்ணிக்கை குறையவும் வாய்ப்பு உண்டு, ஆனால் அதுதான் காரணம் என்று இப்போது யாரும் அடித்துச் சொல்ல முடியாது என்றார். அன்றைக்கே கூட்டிக்கொண்டு போயிருந்தாலும் வலிக்கு மருந்து கொடுத்து ஓய்வெடுக்கச் சொல்லியிருப்பார்கள், அவ்வளவுதான் என்றார். எனக்கு ஆறுதலாக இருந்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது, ஆறுதல் எனக்குக் கிடைத்துவிட்டது, அவளுக்கு நான் கொடுத்த பெயர் அப்படியேதான் இருக்கிறது என்று.

அதன் பிறகு நிறையப் படித்தேன். குழந்தை தாமதமாகிற தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கக் காரணமும் இருக்கிறதாம். பாதிப் பேர்! அத்தனை வீட்டிலும் என்னைப் போல ஒரு அம்மா உட்கார்ந்து கதை சொல்லிக்கொண்டிருப்பாள் என்று நினைக்கிறேன். ஒரே ஒரு உயிரணுவை எடுத்து முட்டைக்குள் ஊசியால் செலுத்துகிற உங்கள் இக்ஸி முறையில் முதல் குழந்தை பிறந்தது பிரஸ்ஸல்ஸில், அதே 1992ல். நீ வந்த வருஷமே உன் பிள்ளைக்கும் வழி போட்டுவிட்டார்கள் என்று அப்பா சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். அவருக்கு நான் செய்தது தெரியாது. இல்லை, தெரியும். நான் எதிர்வீட்டில் பேசிக்கொண்டிருந்தபோது அவர் கேட்டுக்கொண்டு எழுந்து உள்ளே போனார். நம் வீட்டில் எல்லோரும் இப்படித்தான்.

இப்போது என் கேள்வி. சித்தியைக் கூப்பிட்டு நான் சொன்னது பொய் என்று சொல்லப் போகிறேன். ஏழு வருஷமும் இருவரும் முயற்சி செய்துகொண்டுதான் இருந்தார்கள், அவள் ஒரு நாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை, நான்தான் கட்டிவிட்டேன் என்று. இவ்வளவுக்கு உன்னைக் கேட்க வேண்டியதில்லை, நாளைக்குக் காலையிலேயே செய்துவிடுவேன். ஆனால் சித்தி அடுத்து என்ன கேட்பாள் என்று உனக்கும் தெரியும். யாருக்குப் பிரச்சினை என்பாள். சொல்லாமல் விட்டால் மறுபடியும் இவள் தலையில்தான் விழும், எப்போதும் அப்படித்தானே விழுகிறது. உன்னைக் கேட்காமல் அதற்குப் பதில் சொல்ல மாட்டேன். உங்கள் விஷயத்தை உங்களைக் கேட்காமல் பேசித்தான் இவ்வளவும் ஆனது. சொல்லு என்றால் சொல்கிறேன். வேண்டாம் என்றால் அது அவர்கள் இருவருக்குள் என்று சொல்லி போனை வைத்துவிடுகிறேன். எதுவானாலும் கட்டைவிரல் மட்டும் அனுப்பாதே, இந்தக் கேள்விக்குக் கட்டைவிரலை வைத்து எனக்கு எதுவும் புரியாது.

இந்தக் கடிதத்தை அவளிடம் காட்டு. இல்லை, வேண்டாம், காட்டாதே. அவளுக்கு நான் தனியாக எழுதுகிறேன், மூன்று தடவை ஆரம்பித்துவிட்டேன், "அன்புள்ள" என்பதற்கு மேல் நகரவில்லை. அவள் தூங்குகிறாளா, கால் வீக்கம் எப்படி இருக்கிறது? குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்த மாதிரி இருந்தால் காலை வரை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சும்மா வந்தோமே என்று யாரும் திட்ட மாட்டார்கள், திட்டினாலும் திட்டட்டும்.

போட்டோவில் இழுப்பறை அலமாரி ஒன்று தெரிகிறது, கதவுக்குப் பக்கத்தில். அதைச் சுவரோடு சேர்த்துத் திருகு போட்டு முடுக்கியிருக்கிறாயா என்று முன்னாலிருந்து பார்த்தால் தெரியவில்லை. குழந்தை நிற்க ஆரம்பித்ததும் இழுப்பறையில் கால் வைத்து ஏறும், அலமாரி அப்படியே சாயும். பக்கவாட்டிலிருந்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. ஓரத்தில் அவள் நின்றால் நன்றாக இருக்கும், அவளுக்கு இஷ்டம் இருந்தால்.

அம்மா