ரத்த சொந்தம் இல்லேன்னா வெளிய நிக்கணுமா? மனநலப் பிரிவ நடத்துறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவமனை நிர்வாகத்துக்கும், நம்ம பக்கத்துல மனநல வேலைய பாக்குற அதிகாரிகளுக்கும்,

வணக்கம். எந்த ஆஸ்பத்திரின்னு இதுல எழுதல. உங்களுக்குத் தெரியும், எங்க மனு உங்க மேசையிலதான் கெடக்கு. வாங்குனதுக்கு சீல் போட்டுக் குடுத்தீங்க, அதுக்கப்புறம் ஒரு பதிலும் இல்ல, போன் பண்ணுனா "சார் மீட்டிங்ல இருக்காங்க"ன்னு வச்சிருதாங்க, அதான் இப்ப எல்லாரும் படிக்கிற மாதிரி எழுத வேண்டியதா போச்சு. என் சேக்காளி பேரையும் எழுதல. அவன்ட்ட கேட்டுட்டுதான் எழுதுறேன், "எழுதுல, ஆனா எங்கம்மா பேரு ஊரு பேரு மட்டும் வேண்டாம்"னு சொல்லிட்டான்.

நாங்க கேக்குறது ஒண்ணுதான். அவன் நல்லா தெளிவா இருந்த நேரத்துல, எனக்கு முடியாம போனா இவன்தான் எனக்காகப் பேசணும்னு என் பேர எழுதி கையெழுத்துப் போட்டு வச்சிருக்கிற காயிதத்த நீங்க ஏத்துக்கணும். நான் அவனுக்கு ரத்த சொந்தம் இல்லைங்கிறதுக்காக என்னைய வாசல்ல நிறுத்தக் கூடாது.

அவன நான் உங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்த அன்னைக்கு நடந்தது உங்க ரெஜிஸ்டர்லயே இருக்கும். ஆனா ரெஜிஸ்டர்ல இல்லாதத நான் சொல்லுதேன். கொஞ்ச நாளாவே அவனுக்குத் தூக்கம் போயிட்டு. அவனுக்கு பைபோலார், மனசு ஒரு காலம் தலைகால் தெரியாம ஏறும், ஒரு காலம் அப்படியே சுருண்டுரும், அந்த ஏத்தத்துக்குத்தான் மேனியான்னு பேரு. மேனியா ஏறும்போது மொதல்ல கொறையுறது தூக்கம்தான், நமக்கு ஒரு ராத்திரி தூக்கம் கெட்டா மறுநாள் கண்ணு எரியும், அவனுக்கு அசதியே தெரியாது. ராத்திரி ரெண்டு மணிக்கு தெருலைட்டு வெளிச்சத்துல பைக்க கழட்டிப் போட்டு, செயின்ல ஒவ்வொரு கண்ணியா பழைய டூத்பிரஷ்ஷ மண்ணெண்ணெயில முக்கித் தேச்சிட்டு இருக்கான், வெரல் நுனியெல்லாம் தோலு உரிஞ்சிருக்கு, அது கூட தெரியாம வாய் ஓயாம பேச்சு. ஆத்தங்கரையில லாட்ஜு கட்டப் போறானாம், அட்வான்ஸ் குடுத்தாச்சாம். அட்வான்ஸ் குடுத்தது நெசம். அவங்கம்மா பீடி சுத்தி, சீட்டுக் கட்டி சேத்த காசு அது.

விடிஞ்சதும் "ஆஸ்பத்திரிக்குப் போவோமால"ன்னு கேட்டேன். மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்துட்டு "சரில, நீ கூட இருப்பேல்லா"ன்னான். மேனியால இருக்கிற ஒரு ஆளு தானா சரின்னு சொல்றது எவ்வளவு அபூர்வம்னு உங்க டாக்டர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல, அந்தச் சரி ரொம்ப நேரம் நிக்காதுன்னும் அவங்களுக்குத் தெரியும். அதான் மூஞ்சி கூட கழுவாம கார் பிடிச்சி கூட்டிட்டு வந்தேன்.

கவுண்டர்ல மொத கேள்வியே "நீ யாரு?" சேக்காளின்னு சொன்னேன். "வீட்டு ஆளுங்க யாரும் இல்லையா? ரத்த சொந்தம் வந்து கையெழுத்துப் போட்டாதான் அட்மிஷன்." அப்பா இல்ல, அண்ணன் சவுதியில, அம்மாவுக்கு ரெண்டு முட்டும் போச்சு, வீட்டுப் படி எறங்கவே ஆளு பிடிக்கணும். அம்மாவ போன்ல பேச வைக்கேன்னு சொன்னேன், போனெல்லாம் ஆகாதுன்னுட்டாங்க. அந்தக் காயிதத்த எடுத்து நீட்டுனேன். அத முழுசா படிக்கக் கூட இல்ல, "இதெல்லாம் இங்க செல்லாது தம்பி"ன்னு மடிச்சி என் கையிலயே குடுத்துட்டாங்க. ஓரமா உக்காருங்க, பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் முடிச்சி வரட்டும்னாங்க.

உக்காந்தோம். அவன் உக்காரல, நடந்துக்கிட்டே இருந்தான். மொதல்ல பக்கத்துல இருந்தவங்கட்ட லாட்ஜு கதை, பொறவு செக்யூரிட்டிகிட்ட சண்டை, மத்தியானத்துக்கு மேல "என்னைய இங்க அடைக்கப் பாக்க, நீயும் அவங்க ஆளு"ன்னு என்னையவே தள்ளிவிட்டுட்டு கேட்டத் தாண்டிட்டான். நான் பின்னாலயே ஓடுனேன். மெயின் ரோட்டுல சட்டையக் கழட்டி தலைக்கு மேல சுத்திக்கிட்டு பஸ்ஸ நிறுத்துறான், வண்டிகள வழி மாத்தி விடுறான். சுத்தி நின்னவங்கள்ல அவனப் பிடிக்க வந்தது ஒரு பூக்கார அம்மாவும் ஒரு ஆட்டோக்கார அண்ணாச்சியும்தான், மிச்ச பேரு கையில எல்லாம் செல்போன்.

அந்த வீடியோ அன்னைக்கு ராத்திரியே எங்க ஊர் வாட்ஸப் குரூப்புக்கு வந்துட்டு. கீழ சிரிப்புப் பொம்மை போட்டிருந்தாங்க, கோட்டி முத்திப் போச்சுன்னு எழுதியிருந்தாங்க, எங்களோட ஒண்ணாப் படிச்சவனுங்களும் அதுல உண்டு. அவங்கம்மாவுக்கு பக்கத்து வீட்டுப் புள்ள காட்டியிருக்கு. பீடித் தட்ட மடியில வச்சிக்கிட்டே பாத்திருக்காங்க. மறுநாள் நான் போனப்ப "எம்புள்ளைக்கு ஒரு துண்டு எடுத்துப் போத்தக் கூட ஒருத்தரும் இல்லையாடா"ன்னு கேட்டாங்க. நான் அங்கதான் இருந்தேன்னு அவங்கட்ட சொல்றதுக்கு எனக்கு வாய் வரல. அவன் வேல பாத்த ஜவுளிக்கடை மொதலாளியும் அத பாத்தாரு, இப்ப அந்த வேலை இல்ல. மருந்து சாப்பிட்டு மனசு தேறிருவான், ஆனா அந்த வீடியோ இன்னும் யார் யார் போன்லயோ கெடக்கு. காலையில ஒரு கையெழுத்து வாங்கியிருந்தீங்கன்னா அந்த வீடியோவே இருந்திருக்காது.

அங்க வந்த போலீஸ்காரர் ஒருத்தர் நல்ல மனுசன். லாக்கப்புக்குக் கொண்டு போகல, அடிக்கல, தண்ணி வாங்கிக் குடுத்து, பைய பேச்சுக் குடுத்து, நேரா உங்ககிட்டயே கூட்டிட்டு வந்தாரு. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தோட 100-வது பிரிவு போலீஸ் அப்படித்தான் செய்யணும்னு சொல்லுது. நீங்களும் உடனே சேத்துக்கிட்டீங்க. நான் கேக்குறேன், காலையில நான் கூட்டிட்டு வந்தப்ப சேக்காத அதே ஆள சாயங்காலம் போலீஸ் கூட்டிட்டு வந்தப்ப சேத்தீங்களே, போலீஸ் அவனுக்கு என்ன சொந்தம்?

அதே சட்டத்துல 14-வது பிரிவ தயவுசெஞ்சு ஒரு தடவ எடுத்துப் படிங்க. மைனர் இல்லாத யாரும் தனக்கு ஒரு பிரதிநிதிய நியமிச்சிக்கலாம். வெள்ளத்தாள்ல எழுதி கையெழுத்தோ கைநாட்டோ வச்சா போதும். பத்திரம் வேண்டாம், வக்கீல் வேண்டாம். அந்த பிரதிநிதி ரத்த சொந்தமா இருக்கணும்னு ஒரு வரி கூட அதுல கிடையாது, 18 வயசு நிரம்பியிருக்கணும், அந்தப் பொறுப்ப செய்யத் தகுதி இருக்கணும், சம்மதிச்சு எழுதிக் குடுக்கணும், அவ்வளவுதான். நோயாளியால அப்ப முடிவெடுக்க முடியலேன்னா அவர அட்மிட் பண்ணச் சொல்லி விண்ணப்பம் குடுக்குற உரிமையும் அந்தப் பிரதிநிதிக்குத்தான். அதவிட முக்கியமானது ஒண்ணு, ஒரு மேஜர் தனக்கு மனநலம் சரியில்லைன்னு தானே வந்து கேட்டா கூட ஆளே வரத் தேவையில்லாத அட்மிஷனும் அதே சட்டத்துல இருக்கு. அன்னைக்குக் காலையில அவன் தானா நடந்துதான் உள்ள வந்தான். இந்தச் சட்டம் 2018 மே மாசமே நடைமுறைக்கு வந்தாச்சு. உங்க கவுண்டருக்கு இன்னும் வந்து சேரல.

உங்க பக்கத்து பயமும் புரியுது. சொந்தம் இல்லாதவன் சேத்து விட்டுட்டு ஓடிருவான், நாளைக்கு குடும்பம் வந்து யாரக் கேட்டு மருந்து குடுத்தீங்கன்னு சண்டைக்கு நிக்கும், சொத்துத் தகராறுல எவனாவது பொய்யா கொண்டு வந்து அடைப்பான், இதெல்லாம் நடக்கும்தான். ஆனா அதுக்குத்தானே அந்தக் காயிதம். யார நம்புறேன்னு அவனே எழுதி வச்சிருக்கான். கல்யாண வீட்ல பாத்தா கூட மொகத்தத் திருப்பிக்கிட்டுப் போற சித்தப்பாவ அவன் எழுதல, அவன் மாத்திர போடுறானா இல்லையான்னு டெய்லி கேக்குற ஆள எழுதியிருக்கான். அவன் அப்படியே சுருண்டு படுத்துக் கெடக்குற மாசங்கள்ல, குளிக்காம திங்காம செவுத்தப் பாத்துக் கெடக்கும்போது பக்கத்துல போய் உக்காந்திருக்கிறது யாரோ அந்த ஆள எழுதியிருக்கான். அண்ணன் வீடியோ கால்ல பாத்தா அவன் நல்லாத்தான் இருப்பான், பேச்சு வேகம் கூடுறதும் ராத்திரி லைட்டு அணையாம இருக்கிறதும் பக்கத்துல இருக்கிறவனுக்குத்தான் தெரியும்.

அட்மிஷனுக்குப் பொறவு நடந்ததையும் சொல்லியாகணும். வார்டுல அவனுக்கு சோறு ஊட்ட, குளிப்பாட்ட, வெளிய மாத்திர வாங்கியார நான் ஆவேன். என்ன மாத்திர, எதுக்குன்னு கேட்டா மட்டும் "அத வீட்டு ஆளுங்கட்டதான் சொல்லுவோம்". டிஸ்சார்ஜ் அன்னைக்கு அந்தச் சித்தப்பாவ வரவச்சு எல்லாத்தையும் அவர்ட்ட சொல்லி அனுப்புனீங்க, அவரு சீட்ட அம்மா கையில குடுத்துட்டு பஸ் ஏறிட்டாரு. லித்தியம் மாத்திர அது. 1949-லயே மேனியாவுக்கு ஆகும்னு கண்டுபிடிச்ச மருந்து, இன்னைக்கும் அதுக்கு மரியாதை இருக்கு, ஆனா மருந்தா இருக்கிற அளவுக்கும் விஷமாகுற அளவுக்கும் நடுவுல எடம் ரொம்பக் கம்மி. ரத்தத்துல அதோட அளவ பொதுவா லிட்டருக்கு 0.6-ல இருந்து 1.0 மில்லிமோல் வரைக்கும் வச்சிக்கப் பாப்பாங்க, 1.5 தாண்டுனா ஆபத்து. ஒடம்புல தண்ணி வத்துனா அளவு ஏறிரும், சில வலி மாத்திர சேந்தாலும் ஏறிரும். இந்த ஊரு சித்திர வெயில் எப்படின்னு உங்களுக்குத் தெரியும். முதுகு வலின்னு மெடிக்கல்ல டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டுருக்கான், கூடவே வயித்தால போயிருக்கு. டம்ளர் பிடிச்ச கை நடுங்கி காப்பி சட்டையெல்லாம் சிந்துது, நாக்கு குழறுது, நேரா நிக்க முடியல. வெளிய லேப்ல ரத்தம் பாத்து, உடனே மாத்திரைய நிறுத்தி டிரிப் போட்டு, தப்பிச்சான். வலி மாத்திர போடாதீங்க, வயித்தால போனா உடனே வாங்கன்னு அவன் கூடவே இருக்கிற என்ட்ட ஒரு நிமிசம் சொல்லியிருந்தா இது நடந்திருக்குமா? நோய்க்காரங்களோட விவரத்த வெளிய விடக் கூடாதுங்கிற அதே சட்டம்தான், நியமிக்கப்பட்ட பிரதிநிதிகிட்ட அவர் கடமையச் செய்யத் தேவையானதச் சொல்லலாம்னும் சொல்லுது.

எழுத ஆரம்பிச்சா மனசுல கெடக்குறதெல்லாம் வருது. நம்ம பக்கத்துல ஏன் இன்னும் ஜனங்க மொதல்ல சங்கரன்கோவிலுக்கும் புளியம்பட்டி அந்தோணியார் கோயிலுக்கும் ஆத்தங்கரை பள்ளிவாசலுக்கும் போறாங்கன்னு மேடையில கேக்குறீங்க. நான் சாமி கும்புடுறவன்தான், கோயில கொற சொல்லல. அங்க போனா நீ யாரு, ரத்த சொந்தமான்னு ஒருத்தரும் கேக்கறதில்ல, கூட்டியாந்தவனையும் சேத்து ஒரு ஓரத்துல படுக்க விடுதாங்க. 2001-ல ராமநாதபுரம் பக்கத்து ஏர்வாடியில, மனநோயாளிகளக் கட்டி வச்சிருந்த ஒரு காப்பகத்துல சங்கிலியோட 28 பேரு தீயில செத்தாங்க, அதுக்கப்புறம்தான் நாடே முழிச்சிக்கிட்டு, சட்டம் வந்து, சங்கிலி போடக் கூடாதுன்னு எழுதியாச்சு. சங்கிலி இல்லாம கூட்டிட்டு வாரவன வாசல்ல நிறுத்துனா அந்தச் சட்டத்தால யாருக்கு என்ன லாபம்? ராத்திரி 14416-க்கு, அரசோட மனநல உதவி நம்பருக்குக் கூப்பிட்டா எடுத்து பொறுமையா பேசுதாங்க, அது பெரிய உதவி, பொய் சொல்லக் கூடாது. ஆனா அவங்களும் கடைசில பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கன்னுதானே சொல்ல முடியும்? மாத்திர விஷயமும் அப்படித்தான். அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல இருக்கிறது அரசு ஆஸ்பத்திரியில எந்நேரமும் இலவசமா கெடைக்கணும்னு சட்டம் சொல்லுது, அவன் அம்மா ஆயிரம் பீடி சுத்துன கூலியில வெளிய வாங்குதாங்க.

கோவத்துல எழுதுறேன்னு எனக்கே தெரியுது. மன்னிக்கணும். உங்க டாக்டர்கள் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல, அத்தன கூட்டத்துலயும் அவன உக்கார வச்சு பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசுனவங்க இருக்காங்க, அவன் இன்னும் அவங்கள நெனச்சுப் பேசுதான்.

அதனால மறுபடியும் பணிவா கேக்குறேன். நியமிக்கப்பட்ட பிரதிநிதி காயிதத்தோட யார் வந்தாலும், சொந்தமோ சேக்காளியோ, ஏத்துக்கணும்னு கவுண்டர்ல இருக்கிறவங்களுக்கு எழுத்துல உத்தரவு போடுங்க. கவுண்டர்ல இருக்கிறவங்களையும் நான் திட்டல, அவங்களுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல, சொல்லிக் குடுங்க. வெளிநோயாளி சீட்டு போடுற எடத்துல தமிழ்ல ஒரு போர்டு வைங்க, உங்களுக்கு நம்பிக்கையான ஒருத்தர நீங்களே எழுதி வைக்கலாம்னு. குடும்பம் இல்லாதவங்க, குடும்பம் கை கழுவுனவங்க, வெளியூர்ல இருந்து இங்க வந்து ரூம் எடுத்து வேல பாக்குற பையங்க எத்தன பேரு அத படிச்சிட்டு அங்கயே ஒரு தாள வாங்கி எழுதுவாங்க.

அடுத்த ரிவியூக்கு நாங்க ரெண்டு பேரும் சேந்துதான் வருவோம். அவன் இப்ப தெளிவா இருக்கான், அந்தக் காயிதத்த புதுசா உங்க டாக்டர் முன்னாலயே எழுதிக் கையெழுத்துப் போட ரெடியா இருக்கான். அத வாங்கி அவன் ஃபைல்ல வச்சி, ஒரு காப்பில சீல் போட்டு எங்க கையில குடுங்க. முடியாதுன்னா எந்தச் சட்டப்படி முடியாதுன்னு எழுத்துல குடுங்க, அத எடுத்துக்கிட்டு மனநல மறு ஆய்வு வாரியத்துக்குப் போவோம். அந்த அளவுக்குப் போக எங்களுக்கு ஆசை இல்ல, உங்க பதிலுக்காகத்தான் காத்திருக்கோம்.

இப்படிக்கு,
அவன் எழுதி வச்ச அந்தச் சேக்காளி