குட்டி நாயைத் தரையில் இறக்கச் சொல்லாதீர்கள்: எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

செவ்வாய்க்கிழமை காலை லிஃப்ட் பக்கத்துச் சுவரில் நீங்கள் ஒட்டிய அறிவிப்பைப் படித்தேன். நாய்களை லிஃப்டில் ஏற்றக் கூடாது, பால்கனியிலும் மொட்டை மாடியிலும் அசுத்தம் செய்ய விடக் கூடாது, மோட்டார் ரூமுக்குப் பின்னால் ஒதுக்கிய இடத்துக்குச் சங்கிலி மாட்டி நடத்திக் கூட்டிப் போக வேண்டும், மீறினால் 500 ரூபாய் அபராதம். இதெல்லாம் பழைய விதி. கடைசி வரி மட்டும் புதிது: "குட்டிகளுக்கும் இதுவே பொருந்தும், விதிவிலக்கு கிடையாது." ஏ பிளாக்கில் போன வாரம் வந்த லாப்ரடார் குட்டிக்காக எழுதிய வரி அது என்பது கட்டடம் முழுக்கத் தெரியும். அந்தக் குட்டிக்கு எட்டு வாரம்தான் ஆகிறது. ஒரே ஒரு ஊசி போட்டிருக்கிறார்கள்.

நான் உங்களிடம் கேட்பது ஒன்றுதான். தடுப்பூசி முழுதாக முடியும் வரை எந்தக் குட்டியையும் அந்தத் தரையில் இறக்கச் சொல்லாதீர்கள்.

எங்கள் வீட்டு நாய்க்குட்டி மிளகின் கதை உங்களுக்குத் தெரியும். ஆனால் அது செத்துப்போனது மட்டும்தான் தெரியும், எப்படிச் செத்தது என்று நீங்கள் யாரும் கேட்கவில்லை. அதனால் சொல்கிறேன்.

வைத்திக்குப்பத்தில் கரையேற்றி வைத்திருந்த படகுக்கு அடியில் ஒரு நாட்டு நாய் ஈன்ற நான்கு குட்டிகளில் ஒன்று மிளகு. பங்குனியில் என் மகள் அதைத் துண்டில் சுற்றி எடுத்து வந்தபோது ஏழு வாரம் இருக்கும் என்று டாக்டர் சொன்னார். எட்டாவது வாரம் முதல் ஊசி போட்டோம். போட்ட கையோடு டாக்டர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "அடுத்த ரெண்டு ஊசியும் முடியிற வரைக்கும் தெருவுல விடாதீங்கம்மா. வெளிய காட்டணும்னா தூக்கிக்கிட்டுப் போங்க." அப்படியே செய்தோம். பால்கனி மூலையில் பழைய தினத்தாள் விரித்துப் பழக்கினேன். நாளுக்கு நாலு முறை தாளை மாற்றி, தரையைக் கழுவி விடுவேன். கீழ் வீட்டுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வழிந்ததில்லை.

மூன்றாம் நாள் வாட்ச்மேன் அண்ணன் தயங்கித் தயங்கி வந்து ரசீதை நீட்டினார். 500 ரூபாய். பணத்தைக் கட்டிவிட்டு, தடுப்பூசிப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு சங்க அறைக்கு வந்தேன். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். "விதி எல்லாருக்கும் ஒண்ணுதான் மேடம்" என்று பதில் வந்தது. புத்தகத்தை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. அடுத்த வாரம் மொட்டை மாடியில் தாள் விரித்ததற்கு இன்னொரு ரசீது. அதற்குப் பிறகு நான் உங்கள் விதிக்குக் கட்டுப்பட்டேன். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் தூக்கம் வருவதில்லை.

லிஃப்ட் கிடையாது என்பதால் காலை ஐந்து மணிக்கு அதை மார்போடு அணைத்துக்கொண்டு மூன்று மாடிப் படி இறங்குவேன். எனக்கு ஐம்பத்தாறு வயது, இடது முழங்கால் மடக்கினால் வலிக்கும். அதுகூடப் பெரிதில்லை. கீழே வந்ததும் அது என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். நான்தான் இறக்கிவிட்டேன். அந்த ஈர மண்ணை முகர்ந்து பார்க்கும், பாதத்தை நக்கும், ஒதுக்குப்புறமாக ஒரு இடம் தேடி உட்காரும். எட்டு நாள் அப்படிப் போய்வந்தோம்.

எட்டாம் நாள் இரவு சாப்பாட்டை முகர்ந்துவிட்டு விலகிப் போனது. விடிவதற்குள் ஐந்து முறை வாந்தி. மறுநாள் மதியம் ரத்தமாகப் போக ஆரம்பித்தது. அந்த வாடையை ஒரு முறை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். நாய்களின் குடலைத் தாக்கும் பார்வோ வைரஸ் என்று பரிசோதனையில் தெரிந்தது. இந்த வைரஸைக் கொல்ல என்று தனி மருந்து கிடையாது. டிரிப்ஸ் ஏற்றி, வாந்தியை நிறுத்தி, வேறு கிருமி தொற்றாமல் பார்த்துக்கொண்டு, உடம்பு தானாகப் போராடுகிறதா என்று காத்திருப்பதுதான் வைத்தியம். நாலு நாள் காலையும் மாலையும் டிரிப்ஸ். முன்னங்காலில் நரம்பு கிடைக்காமல் ஊசியை மாற்றி மாற்றிக் குத்தினார்கள். கத்தக்கூடத் தெம்பு இல்லை, என் மகளின் விரலை மட்டும் நக்கிக்கொண்டிருந்தது. ஐந்தாம் நாள் விடியற்காலை என் மடியிலேயே போய்விட்டது. அன்றைக்கும் அந்தத் தினத்தாள் கட்டு பால்கனியில் அப்படியே இருந்தது.

இப்போது அந்த மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். தை மாதம் தரைத்தளத்து வீட்டுக்காரர்களின் நாய் இதே நோயில் செத்ததும், அது நோயோடு அந்த மோட்டார் ரூம் பக்கம்தான் போய்வந்தது என்பதும் சங்கத்துக்குத் தெரியும். அவர்கள் வீட்டைக் காலி செய்தபோது செயலாளரிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். பார்வோ வைரஸ் நோய்வாய்ப்பட்ட நாயின் மலத்தில் கோடிக்கணக்கில் வெளியேறும். நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் மாதக்கணக்கில், ஒரு வருடத்துக்கும் மேலாகக்கூட உயிர்ப்போடு இருக்கும். செருப்பில் ஒட்டிக்கொண்டு மாடி ஏறி வரும். எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு மிளகு வேறு எந்த மண்ணிலும் கால் வைத்ததில்லை. இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

பெருக்க வரும் அக்கா அங்கே தினமும் பீனாயில் ஊற்றுகிறார், போதாதா என்று பொருளாளர் கேட்டார். போதாது. சாதாரண பீனாயிலுக்கு இந்த வைரஸ் சாகும் என்று நம்ப முடியாது. பிளீச் திரவம் ஒரு பங்குக்குத் தண்ணீர் முப்பது பங்கு கலந்து, முதலில் அசுத்தத்தைக் கழுவித் தள்ளிய சிமெண்ட் தரையில் ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டால் வேலை செய்யும். மண்ணில் ஊற்றினால் அதற்கும் பலன் இருக்காது. அந்த அக்காவுக்கு ஒரு ஜோடி கையுறைகூட இதுவரை வாங்கித் தரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"ஒரு ஊசிதான் போட்டாச்சே" என்று ஒரு உறுப்பினர் என்னிடமே கேட்டார். நியாயமான சந்தேகம், எனக்கும் முன்பு இருந்தது. குட்டி பிறந்ததும் குடிக்கும் சீம்பாலில் தாயின் எதிர்ப்பு சக்தி வந்து சேர்கிறது. முதல் சில வாரங்கள் அதைக் காப்பாற்றுவது அதுதான். ஆனால் அதே சக்தி நாம் போடும் தடுப்பூசியையும் வேலை செய்ய விடாமல் தடுக்கும். அது எப்போது வடியும் என்பது குட்டிக்குக் குட்டி வேறுபடும், சிலதுக்கு ஆறு வாரத்தில், சிலதுக்குப் பதினாறு வாரம் வரை. நடுவில் ஒரு காலம் வருகிறது. தாய் தந்தது நோயைத் தடுக்கப் போதாது, ஆனால் ஊசியைத் தடுக்க மட்டும் போதும். அதனால்தான் ஆறு, எட்டு வாரத்தில் தொடங்கி, இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்கு ஒரு முறை, பதினாறு வாரம் முடியும் வரை திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறார்கள். மிளகு அந்த நடுக்காலத்தில்தான் மாட்டியது. ஏ பிளாக் குட்டியும் இன்று அங்கேதான் நிற்கிறது.

"அப்படின்னா நாலு மாசம் வீட்டுக்குள்ளேயே பூட்டி வைங்க" என்பது இன்னொரு பதில். அதுவும் சரியில்லை. மூன்று வாரத்திலிருந்து பதினாலு வாரம் வரைதான் ஒரு குட்டி உலகத்தைப் பயமில்லாமல் பழகிக்கொள்ளும் பருவம். ஆட்டோ சத்தம், குழந்தைகள், ஹெல்மெட் போட்டவர்கள், குடை, சைக்கிள் எல்லாவற்றையும் அப்போது பார்க்காத நாய் பிறகு எதைக் கண்டாலும் மிரளும், குரைக்கும், கடிக்கவும் செய்யும். அப்புறம் அதற்கும் ஒரு அறிவிப்பு ஒட்டுவீர்கள். டாக்டர் சொன்ன வழி எளிமையானது. தூக்கிக்கொண்டு போய்க் காட்ட வேண்டும். மாலை ஆறு மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுகிறார்களே, அங்கே ஒரு பையில் வைத்துத் தோளில் மாட்டி காந்தி சிலை வரை நடந்தால் போதும், குட்டி ஊரையே பார்த்துவிடும், கால் தரையில் படாது. ஆனால் அதற்குக் கையில் தூக்கிக்கொண்டு லிஃப்டில் வர விட வேண்டும்.

லிஃப்ட் விஷயத்தில் சட்டப்படியும் நீங்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ல் குடியிருப்போர் சங்கங்களுக்கு வெளியிட்ட வழிகாட்டுதலில், வளர்ப்புப் பிராணிகளை லிஃப்டில் ஏற்றக் கூடாது என்று தடுக்கக் கூடாது எனச் சொல்லியிருக்கிறது. அதே வழிகாட்டுதல் நாய் வளர்ப்பவர்களுக்கும் சுத்தமாக வைத்திருக்கச் சொல்கிறது. அதை நான் மறுக்கவே இல்லை. வேண்டுமானால் தடுப்பூசிப் புத்தகத்தின் நகலைச் சங்கத்தில் கொடுக்கச் சொல்லுங்கள், மூன்று மாதத்தில் ரேபீஸ் ஊசி போட்டதற்கும் அத்தாட்சி கேளுங்கள். மனிதரையும் கொல்லும் நோய் அது, கேட்பது உங்கள் கடமையும்கூட.

கோபத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன், மன்னியுங்கள். ஃபெஞ்சல் புயல் அன்று கீழ்த்தளத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. சம்ப்புக்குள் சாக்கடை கலந்தது. அந்த வடிகாலைச் சரி செய்யுங்கள் என்று இரண்டு பொதுக்குழுவில் கேட்டாகிவிட்டது, நிதி இல்லை என்றீர்கள். இன்றும் மழை பெய்தால் மோட்டார் ரூம் பின்பக்கம்தான் முதலில் தேங்குகிறது. எலி நடமாட்டமும் அங்கேதான். எலிக்காய்ச்சல் நாய்க்கு வரும், நமக்கும் வரும். அந்த இடத்துக்குத்தான் குட்டிகளை நடத்திக் கூட்டிப் போகச் சொல்கிறீர்கள். தினத்தாளுக்கு ரசீது எழுத முடிந்த சங்கத்தால் ஒரு வடிகாலைத் திறந்துவிட முடியாதா?

சரி, வடிகாலைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். இந்த மடல் குட்டிக்காக.

நேற்று படிக்கட்டில் ஏ பிளாக் பையன் என்னை நிறுத்தினான். ஏழாம் வகுப்பு படிக்கிறான். "ஆன்ட்டி, இதுக்கும் மிளகு மாதிரி ஆகுமா?" என்று கேட்டான். ஆகாதுடா என்று சொல்ல வாய் வரவில்லை. உன் கையை விட்டு இறக்காதே என்று மட்டும் சொன்னேன். அவன் அப்பா நேற்றே 500 ரூபாய் கட்டிவிட்டார் என்று பிறகு தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை செயற்குழு கூடுகிறது. அதற்கு முன் உங்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். கடைசி ஊசி போட்டு இரண்டு வாரம் ஆகும் வரை குட்டிகள் பால்கனியில் தாளில் போகட்டும், கையில் தூக்கிக்கொண்டு லிஃப்டில் போய்வர விடுங்கள், அந்த மண் தரைக்குச் சிமெண்ட் பூசும் வரை அங்கே எந்தக் குட்டியையும் இறக்கச் சொல்லாதீர்கள். சிமெண்ட் பூச ஆகும் செலவில் என் பங்கை இன்றே கொடுக்கத் தயார். நான் கட்டிய 1000 ரூபாயைத் திருப்பிக் கேட்கவில்லை, அதையும் அந்தச் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏ பிளாக் குட்டிக்கு இரண்டாவது ஊசி போட இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. கூட்டம் வரை காத்திராமல் சுவரில் இருக்கும் அந்தக் கடைசி வரியை மட்டும் இன்றே அடித்துவிட்டால் நன்றியோடு இருப்பேன்.

இப்படிக்கு,
பி பிளாக், மூன்றாம் தளத்தில் குடியிருக்கும் உறுப்பினர்,
லாஸ்பேட்டை, புதுச்சேரி.