கோபம் எங்கே, கடை எங்கே

அன்புள்ள ராகவா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே! உன் மருமகன் பாரம்பரியச் சின்னமாகப் பாதுகாக்கப்பட்ட அந்த வீட்டைத் துணிக்கடையாக்கப் போகிறான் என்ற கோபத்திலேயே மூன்று பக்கமும் தீர்ந்துவிட்டன போலிருக்கிறது.

எனக்கு அவ்வளவு கோபம் வரவில்லை. நியூயார்க்கின் ஐந்தாவது அவென்யூவில் உள்ள கார்ட்டியே நகைக்கடை, மார்ட்டன் பிளான்ட் என்ற செல்வந்தருக்காக 1905 வாக்கில் கட்டிய வீடுதான். சுற்றிலும் கடைகள் பெருகவே, மனிதருக்கு அங்கே இருப்புக்கொள்ளவில்லை. அவர் மனைவிக்கோ கார்ட்டியேவிடம் இருந்த இரட்டைச் சர முத்துமாலை மேல் ஒரு கண். 1917-இல் அந்த மாலையையும் 100 டாலரையும் கொடுத்து பியர் கார்ட்டியே வீட்டையே வாங்கிவிட்டார். மாலையின் அன்றைய மதிப்பு 10 லட்சம் டாலர்! அப்புறம் வளர்ப்பு முத்துக்கள் வந்து விலை சரிந்தது. 1957-இல் அதே மாலை ஒன்றரை லட்சம் அளவுக்குத்தான் ஏலம் போனது. வீடு மட்டும் நின்றது. 1970-இல் நகரம் அதைப் பாதுகாக்க முன்வந்தபோது, அது வீடாக இருந்ததைவிடக் கடையாக இருந்த காலமே பல மடங்கு அதிகம்.

சரி, உன் கோபத்துக்கும் ஓர் இடம் உண்டு. ஸ்பெயினின் பார்சிலோனாவில், கட்டடக் கலைஞர் கௌடியின் புகழ்பெற்ற காசா பாத்யோ வீடு நிற்கும் அதே வரிசையில், தொமேனெக் இ மொந்தானேர் என்ற இன்னொரு கட்டடக் கலைஞர் புதுப்பித்த லியோ மொரேரா வீடு இருக்கிறது. 1943-இல் தரைத்தளத்துக்குக் கடை வந்தது. ஷோகேஸ் வைப்பதற்காக, எவுசேபி ஆர்னாவ் செதுக்கிய பெண் சிலைகளை உடைத்துத் தள்ளினார்கள். தப்பிய தலைகளை ஓவியர் சால்வடார் டாலி வாங்கி, ஃபிகேரஸில் உள்ள தன் அருங்காட்சியகத்தில் வைத்தார். மாடியில் மொசைக்கும் வண்ணக் கண்ணாடியும் இன்றும் இருக்கின்றன, கேட்டுக்கொள்!

கடைக்காரனுக்கு வேண்டியது தெருவில் போகிறவன் கண்ணில் படும் பத்தடி உயரம்தான். கேடும் அங்கேயே வருகிறது. பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கோ கூரை ஒழுகினால்கூடக் கேட்க ஆளில்லை. எனக்கு அதுதான் பெரிய பயம்.

மருமகனோடு சண்டை வேண்டாம். பாதுகாப்பு உத்தரவு வெளிமுகப்புக்கு மட்டுமா, உள்ளே இருக்கும் படிக்கட்டு, தரை, கதவுகளுக்கும் சேர்த்தா என்று கேள். நியூயார்க்கிலேயே 1965-இல் வந்த பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்புச் சட்டம் கட்டடங்களின் உட்புறத்தைக் காக்க 1973 வரை ஆயிற்று. வாசல் பக்கம் என்ன மாற்றப்போகிறான் என்பதற்கு வரைபடம் இருந்தால் எனக்கும் ஒரு நகல் அனுப்பு.

அன்புடன்,
சுந்தரம்