ஆபரேஷன் தியேட்டரில் கேட்கும் சிரிப்பு

சிங்கப்பூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நலம். தியேட்டரில் நாங்கள் சிரித்துப் பேசுவோம் என்று போனில் சொன்னது உங்களுக்குப் பிடிக்கவில்லை. "ஓர் உயிர் கையில் இருக்கும்போது சிரிப்பு எப்படியம்மா வருகிறது?" என்று கேட்டீர்கள். அவசரமாகப் பதில் சொல்ல மனம் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

சென்ற வாரம் பித்தப்பைக் கல்லுக்காக என்னிடம் ஆபரேஷன் செய்துகொள்ள ஒரு தமிழ்த் தாத்தா வந்தார். மேசையில் படுத்ததும் அவர் கை நடுங்கியது. திரையில் நாடித்துடிப்பு நூறைத் தாண்டி ஓடியது. திடீரென்று என்னைப் பார்த்து, "இந்த ஊரில் எதிரில் வருகிறவர்கள் எல்லாம் சாப்பிட்டாயா என்றுதான் கேட்பார்கள். நேற்று ராத்திரியிலிருந்து என்னை ஒருவர்கூடக் கேட்கவில்லையே!" என்றார். ஆபரேஷனுக்காக வெறும் வயிற்றோடு இருந்த மனிதர்! நான் ஆங்கிலத்தில் சொன்னதும் மயக்க மருந்து கொடுக்கும் சீன மருத்துவர் வாய்விட்டுச் சிரித்தார். மலாய்க்கார நர்ஸ் தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு, எழுந்ததும் என்ன வேண்டும் என்று கேட்டார். "மீன்தலைக் கறி" என்றார் தாத்தா. நாடி மெல்ல இறங்கியது. சிரித்த முகத்தோடுதான் உறங்கினார்.

அந்தச் சிரிப்பும் சிகிச்சையில் சேர்த்திதான் அப்பா. ஆனால் அதற்கு எல்லை உண்டு. மயங்கிக் கிடப்பவரின் உடலைப் பற்றி ஒரு சொல் கேலியாக வந்தாலும் நான் பொறுக்கமாட்டேன். பித்தப்பைக்குப் போகும் குழாய் ஒன்று, ரத்தக்குழாய் ஒன்று, இரண்டே இரண்டுதான் என்று கண்ணால் உறுதியாகும்வரை எதையும் வெட்டுவதில்லை. பக்கத்திலேயே இருக்கும், பித்தநீரைக் குடலுக்குக் கொண்டுபோகும் பித்தநாளம் அறுபட்டால் நோயாளி வருடக்கணக்கில் அவதிப்படுவார். அந்த நிமிடங்களில் அங்கே வீண்பேச்சு எழாது.

உலகச் சுகாதார நிறுவனம் 2008-இல் 19 அம்சங்கள் கொண்ட பாதுகாப்புப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. கத்தி தோலில் படும் முன் எல்லோரும் நின்று அவரவர் பெயரையும் பொறுப்பையும் சொல்ல வேண்டும் என்பது அதில் ஒன்று. டெல்லி உட்பட எட்டு நகரங்களில் பட்டியலைச் சோதித்தபோது இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்ததாக 2009-இல் அறிவித்தார்கள். பெயர் சொல்லிப் பழகியவர்களுக்கு, "டாக்டர், கொஞ்சம் நிறுத்துங்கள்" என்று சொல்லும் தைரியம் வருகிறது. சேர்ந்து சிரித்தவர்களுக்கும் அப்படித்தான். பெரிய டாக்டரைக் கண்டு நடுங்கும் நர்ஸ் வாய் திறக்கமாட்டார். அதுதான் எனக்குப் பயம்.

எல்லா நாளும் சிரிக்க முடியாது. காப்பாற்ற முடியாமல் போகும் நாட்களில் குழுவாகச் சற்று உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் கலைகிறோம். ஓய்வு நாளில் பொறுப்பை அடுத்தவரிடம் முழுதாக ஒப்படைத்துவிட்டு, காலையில் மெக்ரிட்சி நீர்த்தேக்கக் காட்டுப்பாதையில் நடப்பேன். வரும் வழியில் தேக்கா சந்தையில் மீனும் முருங்கைக்கீரையும் வாங்கிச் சமைப்பேன். தூங்காத கண்ணோடு கத்தி எடுப்பதைப் பெருமையாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

கண்புரை ஆபரேஷனை இனியும் தள்ளிப்போடாதீர்கள். பெரும்பாலும் கண்ணை மட்டும்தான் மரத்துப்போகச் செய்வார்கள், நீங்கள் விழித்திருப்பீர்கள். டாக்டர் சிரித்துப் பேசினால் கேட்டுக்கொண்டிருங்கள், தலையை மட்டும் அசைக்காதீர்கள். தேதி குறித்ததும் சொல்லுங்கள். விடுப்புக்கு இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன். அம்மாவைத் தனியே அலையவிட வேண்டாம், நான் வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் மகள்