ஐந்தொகையைக் கேட்டு வாங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கூட்டுறவு சங்கத்தில் முறைகேடு என்று செய்தி வரும்போதெல்லாம் 'சர்க்கார் பணம் போச்சு' என்றுதான் ஊரில் பேச்சு. பேரேடும் ஐந்தொகையும் (சொத்தையும் பொறுப்பையும் எதிரெதிரே காட்டும் கணக்கு) புழங்கிய செட்டிநாட்டிலேயே இப்படிப் பேசுவது வியப்பாக இருக்கிறது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் புரள்வது பெரும்பாலும் மூன்று வகைப் பணம்: உறுப்பினர் கட்டிய பங்குத்தொகை, ஊரார் போட்ட வைப்பு, மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கியில் சங்கம் வாங்கிய கடன். மூன்றுமே யாருக்கோ திருப்பிக் கொடுக்க வேண்டியவை.

சாக்கோட்டை, கல்லல், தேவகோட்டை பக்கத்துக் கண்மாய்ப் பாசனத்தில் பெரும்பாலும் ஒரு போகம்தான். உழவு, விதை, உரம் எல்லாச் செலவும் புரட்டாசி, ஐப்பசியில் ஒன்றாக வந்து நிற்கும்; வரவு தை, மாசியில். இடைப்பட்ட காலத்துக்கு வெளியே மூணு வட்டிக்கு 50,000 ரூபாய் வாங்கினால், 6 மாதத்தில் வட்டி மட்டும் 9,000. இரண்டு ஏக்கர்காரர் பெரிய வங்கிக்குச் சின்னக் கணக்கு. அவரைப் பற்றி விசாரிக்கிற செலவே அதற்குக் கட்டுப்படியாகாது. ஊருக்குள் விசாரிக்க வேண்டியதே இல்லை. நிலம் எவ்வளவு, கண்மாய்த் தண்ணீர் அவர் வயலுக்கு ஏறுமா, ஆள் நாணயமா என்பது எல்லோருக்கும் தெரியும். கூட்டுறவுக் கடனின் உண்மையான மூலதனம் அதுதான். 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்ததும் திருவள்ளூர் அருகே திரூரில் சங்கம் தொடங்கியது இதை நம்பித்தான்.

வாக்குரிமை, நகரத்தார் தங்கள் நகரக் கோயிலில் சொத்தைப் பார்க்காமல் தம்பதியை ஒரு புள்ளியாக எண்ணுவது மாதிரி. வைத்திருக்கும் பங்கு பத்தானாலும் ஆயிரமானாலும் ஆளுக்கு ஒரு வாக்குதான். ஆனால் நகைக்கடனுக்காக மட்டும் சேர்ந்தவரைப் பெரும்பாலும் 'இணை உறுப்பினர்' என்று எழுதியிருப்பார்கள்; அவருக்கு வாக்கு கிடையாது. நீங்கள் 'அ' வகுப்பா, இணையா என்று உறுப்பினர் பதிவேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சங்கம் எங்கே ஒழுகுகிறது என்று அறிய ஐந்தொகையில் இரண்டு வரி போதும். சொத்துப் பக்கம் 'உறுப்பினர்களிடமிருந்து வரவேண்டிய கடன்'. பொறுப்புப் பக்கம் 'மத்தியக் கூட்டுறவு வங்கிக்குக் கொடுக்க வேண்டிய கடன்'. வங்கியில் வாங்கியதை உறுப்பினருக்குத்தான் கொடுத்திருக்கிறார்கள் என்றால், முதல் தொகை இரண்டாவதை விடக் குறைய வழியே இல்லை. உதாரணத்துக்கு, வங்கிக்குக் கொடுக்க வேண்டியது 2 கோடி, உறுப்பினரிடம் நிற்பது 1 கோடியே 70 லட்சம் என்று வையுங்கள். மீதி 30 லட்சத்தை உறுப்பினர் கட்டிவிட்டார், அது வங்கிக்குப் போய்ச் சேரவில்லை. சங்க ஊழியர்கள் இதை 'இம்பேலன்ஸ்' என்பார்கள். உடனே திருட்டு என்று முடிவு கட்டிவிட வேண்டாம். சம்பளத்துக்கும் வாடகைக்கும் கரைந்ததாகவும் இருக்கலாம். எப்படிக் கரைந்தாலும் அந்த 30 லட்சம் இனி ஒரு பைசா வட்டி ஈட்டாது, வங்கியோ வட்டி கேட்கும். 7 சதவீதம் என்றாலே ஆண்டுக்கு 2 லட்சத்து 10 ஆயிரம். அதையும் அடுத்தவர் கட்டிய தவணையிலிருந்து எடுத்துக் கொடுப்பார்கள். பள்ளம் 32 லட்சமாகும்.

இன்னொன்று ஏட்டளவில் கடனைப் புதுப்பிப்பது. தவணை நாளில் பணமே கைமாறாமல், பழைய கடன் அடைந்ததாகவும் புதுக் கடன் கொடுத்ததாகவும் இரண்டு பதிவு. பயிர்க்கடனைத் தவணைக்குள் கட்டினால் வட்டியில்லை, தவறினால் சலுகை போய்விடும் என்பதால் உறுப்பினருக்கும் இது வசதி. நிலுவை குறைவாகத் தெரிவதால் சங்கத்துக்கும் வசதி. மழை பொய்த்த ஒரு வருஷத்தில் அத்தனையும் வெளியே வந்துவிடும்.

நம் நகரத்தார் வட்டிக்கடை வைத்திருந்த பர்மாவில், அந்தக் கடனுக்கு மாற்றாகவே ஆங்கிலேய அரசு கூட்டுறவு சங்கங்களைக் கொண்டுவந்தது. அந்தச் சங்கங்களை ஆராய அமைத்த கால்வர்ட் குழு 1928-29இல் போய்ப் பார்த்தபோது நிலுவை மலையாகக் கிடந்தது. சங்கம் யாருடையது என்பதே உறுப்பினர் பலருக்கு விளங்கியிருக்கவில்லை. 1930களின் தொடக்கத்தில் மாகாணக் கூட்டுறவு வங்கியே மூடப்பட்டது.

2021இல் நகைக்கடன் தள்ளுபடிக்காகச் சரிபார்த்தபோது சில சங்கங்களில் போலி நகைகள் சிக்கின. நகையை மீட்கும்போது முத்திரை உடைவதை நேரில் பாருங்கள், அடகு ரசீதில் உள்ள எடையோடு ஒப்பிடுங்கள்.

வைப்பு போடுகிறவர்கள் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மத்தியக் கூட்டுறவு வங்கியிலும் நகரக் கூட்டுறவு வங்கியிலும் போட்ட பணத்துக்கு ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்பீடு உண்டு. தொடக்கக் கடன் சங்கத்தின் வைப்புக்கு அந்தக் காப்பீடு இல்லை. கால் சதவீதம், அரை சதவீதம் கூட வருகிறதே என்று ஓய்வுக்காலப் பணம் முழுவதையும் ஒரே சங்கத்தில் போடுவது சரியல்ல.

சங்க உறுப்பினர் எல்லோரும் கூடும் பேரவைக் கூட்டத்துக்குப் போங்கள். கூட்டம் நடந்ததாகச் சொல்லி வீட்டுக்கு வரும் நோட்டில் கையெழுத்துப் போடாதீர்கள்; நீங்கள் பார்க்காத கணக்கை நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும். தணிக்கை அறிக்கையின் குறைபாட்டுப் பட்டியலில், போன ஆண்டுக் குறையே இந்த ஆண்டும் அப்படியே அச்சாகியிருந்தால் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். சந்தேகம் வலுத்தால் சரகத் துணைப் பதிவாளருக்கு எழுத்தில் கொடுங்கள். 1983ஆம் ஆண்டு தமிழ்நாடு கூட்டுறவு சங்கங்கள் சட்டத்தில் 81ஆம் பிரிவு விசாரணைக்கு. 87ஆம் பிரிவு இழப்பைப் பொறுப்பானவரிடம் வசூலிக்கும் தண்டத் தீர்வைக்கு. ஒன்று முடிந்தால் தானாக அடுத்தது வந்துவிடாது, விடாமல் கேட்க வேண்டும்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். இனி ஒரு சங்கத்தைப் பற்றிச் செய்தி போடும்போது 'பல லட்சம் முறைகேடு' என்பதோடு விடாமல், வங்கிக்குக் கொடுக்க வேண்டியது எவ்வளவு, உறுப்பினர் தர வேண்டியது எவ்வளவு, கடைசித் தணிக்கை எந்த ஆண்டு வரை என்ற மூன்றையும் சேர்த்து அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
கூட்டுறவுத் தணிக்கை அறிந்த வாசகர்,
காரைக்குடி.